அறுபது சொல்லில் அப்பா

புரட்டாசி 1, செவ்வாய்

வேலை கிடைத்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவள் நான். மின்னஞ்சலில் வேலை உத்தரவு வாங்கிய முதல் ஆளும் நானே. பதவியின் பெயர் ‘கிராமக் கதை ஒருங்கிணைப்பாளர்’. அப்பாவிடம் சொன்னேன். "கதைய ஒருங்கிணைக்கதுக்குச் சம்பளமா?" என்று கேட்டார். சம்பளம் என்று ஒன்று வருவதே பெரிது என்று தோன்றியிருக்க வேண்டும், மேற்கொண்டு கேட்கவில்லை.

வேலை இதுதான். சென்னையில் உள்ள நிறுவனத்துக்காக எங்கள் வடலிக்குடியிருப்புப் பெண்கள் துண்டுத் துணிகளை இணைத்துப் பன்னிரண்டு ஒட்டுப் போர்வைகள் தைக்க வேண்டும். ஒவ்வொரு போர்வைக்கும் அறுபது சொல்லில் நான் ஒரு கதை அட்டை எழுத வேண்டும். ஐப்பசியில் கண்காட்சி. எல்லாம் நன்றாக நடந்தால் வேலை நிரந்தரம்.

தொகுப்பின் பெயர் ‘இலையுதிர் காலம்: ஒரு கிராமத்தின் திருவிழாக்கள்’. எங்கள் ஊரில் இருப்பது பனையும் உடைமரமும். பனையில் இலை உதிராது, காய்ந்த மட்டை விழும். அது விழும்போது கீழே நிற்பவர் பருவத்தின் அழகை ரசிக்கும் நிலையில் இருக்கமாட்டார். புரட்டாசி வெயிலில் இன்று தார்ச்சாலை செருப்போடு ஒட்டிக்கொண்டது. போர்வைக்கு உகந்த காலம்.

புரட்டாசி 3, வியாழன்

துணி மூட்டை வந்தது. நிறங்களுக்குப் பட்டியலும் வந்தது: துரு, காய்ந்த இலை, ஈரமண், பூசணிக்காய். அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஊரில் தையல் மிஷின் வைத்திருப்பவள் அம்மாதான். தசரா வந்துவிட்டால், வேண்டுதலுக்கு வேஷம் கட்டுகிறவர்களின் துணியால், காளிக்குச் சிவப்பு, அனுமாருக்குப் பச்சை, குறத்திக்கு மஞ்சள் என்று வீடே மின்னும்.

"ஏட்டி சுயம்பு, இது புதுத் துணியா, இல்ல யாரும் கட்டிக் கழிச்சதா?"

"புதுசும்மா. இந்த நிறத்துக்குத்தான் அங்க மதிப்பு."

"அப்ப நம்ம வீட்டுக் கரித்துணிய எல்லாம் அனுப்பு. மதிப்பா இருக்கட்டும்."

பக்கத்து வீட்டு ஜெயக்கொடி சித்தி, கைத்தையலில் கெட்டிக்காரி, சிரித்துச் சிரித்து ஊசியைத் தவறவிட்டாள். அப்புறம் அரைமணி நேரம் எல்லோரும் தரையைத் தடவினோம். இலையுதிர் காலத்தின் முதல் நாள் இவ்வாறு இனிதே கழிந்தது.

பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்ட விரிப்பு எங்கள் ஊரிலும் உண்டு. பிள்ளை பெற்றவளுக்குக் கீழே போடுவது. அதை யாரும் கண்காட்சிக்கு வைப்பதில்லை.

புரட்டாசி 5, சனி

மூன்று கதை அட்டைகள் எழுதி அனுப்பினேன். சித்தியின் போர்வைக்கு, முளைப்பாரி நாளில் அவள் தெருவெல்லாம் கோலம் போட்டதை எழுதினேன். அது நிஜம்.

என் மேலதிகாரி சம்யுக்தா மேடம் அழைத்தார். "ரொம்ப நல்லா இருக்கு சுயம்பு. ஆனா வலி இல்லையே."

"அவங்களுக்கு முழங்கால் வலி உண்டு மேடம்."

"அந்த வலி இல்லம்மா."

எந்த வலி என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. சரி மேடம் என்றேன். இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு கல்லூரியில் மூன்று வருடம் ஓட்டியவள் நான்.

புரட்டாசி 9, புதன்

அம்மா பரணிலிருந்து அப்பாவின் ஒட்டுச்சட்டையை இறக்கிக் கொடியில் காயப்போட்டாள்.

அப்பா சிவனணைந்தபெருமாள் பனையேறி. பதநீர்ப் பருவம் முடிந்ததும், குலசை அம்மன் கோவில் தசராவுக்கு மாலை போட்டுப் பிச்சைக்கார வேஷம் கட்டுவார். காளி வேஷம் கட்டுகிறவர்களைப் பார்த்து ஊர் கும்பிடும். பிச்சைக்காரரைப் பார்த்துச் சில்லறை தேடும். கேட்டால், "அம்மாகிட்ட கேக்கப் போறவன் கையேந்திட்டுப் போறதுதாம்ளா மரியாத" என்பார்.

அந்தச் சட்டைக்கு ஊரில் ஒரு முறை உண்டு. கடைத்துணி கூடாது. ஏழு வீட்டில் கேட்டு வாங்கிய துண்டுகளால்தான் தைக்க வேண்டும். அதற்கு மேல், ஒவ்வொரு வருடமும் எதற்காக வேண்டுகிறாரோ அந்தக் காரியத்தோடு சேர்ந்த ஒரு துண்டை நெஞ்சுப் பக்கம் வைத்துத் தைப்பார்கள். அப்பாவின் சட்டையில் ஊதாக் கட்டம் போட்ட துண்டு ஒன்று இருக்கிறது, என் பத்தாம் வகுப்புச் சீருடையின் நிறத்தில். நீலத்தில் ஒன்று, பன்னிரண்டாம் வகுப்புத் தாவணியின் நிறத்தில். கணக்குத் தாளில் நான் தோற்ற வருடம் காணாமல்போன என் துப்பட்டாவின் நிறத்திலும் ஒன்று. உலகத்தில் நிறங்கள் குறைவு. அவர் என்ன வேண்டுகிறார் என்று நான் கேட்டதில்லை.

மேடம் வீடியோவில் போர்வைகளைப் பார்க்க அழைத்தார். போர்வைகளைப் பார்க்கவே இல்லை. "பின்னாடி தொங்குதே, அது என்ன?"

விளக்கினேன். "ஐயோ, இதுதான் நான் தேடினது. பன்னிரண்டாவது போர்வையை இதே மாதிரி தைங்க. இது யாரோடது?"

"அப்பாவோடது."

"அப்பா இப்போ...?"

அப்பா இப்போது ஏழு வீட்டில் துணி கேட்கப் போயிருக்கிறார், பத்து நாளில் தட்டோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பார் என்று சொல்லியிருக்கலாம். சிறிய வாக்கியம்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மேடம் குரலைத் தாழ்த்தினார். "ஓ. ஸாரிம்மா. எனக்குத் தெரியாது."

திருத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சரி மேடம் என்று வந்தது.

புரட்டாசி 10, வியாழன்

பன்னிரண்டாவது அட்டையை எழுதி அனுப்பினேன்.

"இந்த ஒட்டுச்சட்டையை அணிந்தவர் ஒரு பனையேறி. இலையுதிர் காலம் வந்தால் அம்மனுக்காகப் பிச்சைக்காரர் வேடமிடுவார். ஒரு நாள் பனையிலிருந்து விழுந்து இறந்தார். அவர் மனைவி அந்தச் சட்டையைப் பார்த்துப் பார்த்து இந்தப் போர்வையைத் தைத்தார்." இப்படிப் போகிறது. சரியாக அறுபது சொல். அறுபதுக்குள் ஒருவரைப் பிறக்கவைப்பது கடினம். முடிப்பது எளிது.

மேடம் ஐந்து இதயங்கள் அனுப்பினார். வலி வந்துவிட்டதாம்.

மாலையில் அப்பா டீக்கடையிலிருந்து வந்தார். அவர் படிப்பு ஐந்தாம் வகுப்புதான், ஆனால் பேப்பரை விளம்பரம் விடாமல் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுத்தான் எழுவார். "என்னம்மா எழுதுத?" என்றார்.

"ஆபீஸ் வேலப்பா."

"எழுது, எழுது" என்று காற்றாடியை என் பக்கம் திருப்பிவைத்துவிட்டுப் போனார்.

இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். கல்லூரி இரண்டாம் ஆண்டில், திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டில், எங்கள் பஸ் ஜன்னலுக்குக் கீழே ஒரு பிச்சைக்கார வேஷம் தட்டு நீட்டியது. பக்கத்தில் இருந்த வகுப்புத் தோழி ரெபேக்கா காசு போட்டாள். நான் மறுபக்கம் திரும்பி ஒரு சோடாக் கடையின் பெயர்ப்பலகையை முழுதாக வாசித்தேன். அதிலிருந்த தொலைபேசி எண் இன்றும் எனக்கு மனப்பாடம்.

புரட்டாசி 14, திங்கள்

சென்னையிலிருந்து அச்சடித்த அட்டைகள் கூரியரில் வந்திருந்தன. நான் நூல்கண்டு வாங்கப் போயிருந்தேன். அப்பாதான் கையெழுத்துப் போட்டு வாங்கி, கடிகாரத்துக்குக் கீழே வைத்திருந்தார்.

உறையின் வாய் சோற்றுப் பருக்கையால் ஒட்டப்பட்டிருந்தது. கூரியர்காரர்கள் இப்போதெல்லாம் பசை வாங்குவதில்லை போலிருக்கிறது.

உள்ளே பதினொரு அட்டைகள். அச்சகத்தில் ஒன்றைக் குறைத்துவிட்டார்கள் என்று மேடத்துக்கு எழுதினேன்.

புரட்டாசி 15, செவ்வாய்

அப்பா காப்புக் கட்டும் முன்பே தசராக் குடிலுக்குப் போய்விட்டார். சாப்பாடு, படுக்கை எல்லாம் இனி அங்கேதானாம். விரதமாம்.

புரட்டாசி 17, வியாழன்

குலசையில் கொடியேறியது. எங்கள் ஊர் வேஷக்காரர் செட்டில் முப்பத்தாறு பேர் காப்புக் கட்டினார்கள். இனிக் காப்பு அறுக்கும்வரை அவர்களைப் பெயர் சொல்லியும் உறவு சொல்லியும் கூப்பிடக் கூடாது. அண்ணன், மாமா, அப்பா எதுவும் இல்லை. எல்லோருமே சாமி. கூச்சப்படுகிறவர்களுக்கு இதைவிட வசதியான முறை கிடையாது.

மேடத்திடமிருந்து அஞ்சல். அந்த ஒட்டுச்சட்டையே கண்காட்சியின் நடுவில் தொங்க வேண்டுமாம். ‘மறைந்த ஒரு கலைஞரின் கடைசி உடை’. போர்வை அதன் பக்கத்தில். அடுத்த செவ்வாய்க்கிழமை அவரே நேரில் வந்து வாங்கிக்கொள்வார். என் நிரந்தர உத்தரவையும் கையோடு கொண்டுவருவார்.

சட்டை ஆபீசுக்கு வேண்டுமாம் என்று அம்மாவிடம் மட்டும் சொன்னேன். எதற்கு என்று அம்மா கேட்டாள். மாதிரிக்கு என்றேன். "அவிய வேஷத்துக்கு என்ன செய்வாவ?" என்று கேட்டாள். நான் ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தேன்.

புரட்டாசி 18, வெள்ளி

அம்மா சொல்லியனுப்பிய ஜெயக்கொடி சித்தி, குடிலுக்குச் சோறு கொண்டுபோனவள், சட்டையை வாங்கிக்கொண்டு வந்தாள். துவைத்து, மடித்து, மஞ்சள் பையில் இருந்தது.

"சாமிதான் குடுத்தாவ. ஆபீசுக்கு வேணுமாமே. செத்தவன் சட்டைய உசுரோட இருக்கவன் போடக் கூடாது, கொண்டுபோய்க் குடுன்னு சொன்னாவ. என்னட்டி பேச்சு இது? எனக்கு ஒண்ணும் விளங்கல."

எனக்கும் விளங்கவில்லை என்றேன். இங்கேயும் அப்படியே எழுதிவைக்கிறேன்.

"அப்ப அவிய என்னத்தப் போட்டுருக்காவ?" என்று அம்மா கேட்டாள்.

"உரச் சாக்குல கழுத்துக்கும் கைக்கும் ஓட்ட போட்டுருக்காவ. நெஞ்சுல யூரியான்னு எழுதிருக்கு."

அம்மா அன்று முழுவதும் மிஷினை மிதித்த மிதியில், எதிர்வீட்டு நாய் எழுந்து வேறு நிழல் தேடிப் போனது.

புரட்டாசி 20, ஞாயிறு

பன்னிரண்டாவது போர்வை முடிந்தது. ஒட்டுச்சட்டையைப் போலவே, ஆனால் துரு நிறத்தில். அழகாகத்தான் இருக்கிறது. தொட்டுப் பார்த்தால் எந்தத் துண்டும் யாருடையதும் இல்லை.

புரட்டாசி 22, செவ்வாய்

மேடம் வந்தார். நல்ல மனுஷி என்பதை எழுத வேண்டும். காரிலிருந்து இறங்கியதும் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, கண் கலங்க, "நீங்க ரொம்பத் தைரியசாலிம்மா" என்றார். பன்னிரண்டு போர்வை தைத்ததற்கு என்று அம்மா நினைத்துக்கொண்டாள். "என்ன செய்ய, விதி. தைச்சுதான ஆவணும்" என்றாள். மேடத்துக்கு இன்னும் கலங்கியது.

இன்றைய வெயிலில் எல்லாப் போர்வைகளையும் ஒவ்வொன்றாக மடியில் விரித்துப் பார்த்தார். வியர்வை ஒழுகியது. "கதகதப்பா இருக்கு" என்றார். அதில் சந்தேகமில்லை.

உத்தரவு இருந்த உறையை என்னிடம் கொடுத்தார். நான் பையை நீட்டினேன். சட்டையை எடுத்து, குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையிலும் ஏந்தினார். அம்மா முன்னால் வந்து, நெஞ்சுப் பக்கத்துத் துண்டுகளை விரலால் தொட்டுக் காட்டினாள். "இது இவ பத்தாப்பு பாஸாவணும்னு. இது பன்னெண்டுக்கு. இது காலேசுக்கு இடம் கெடைக்கணும்னு. இது அந்தக் கணக்குப் பரிச்சைக்கு. இந்த வருசத்துத் துண்டு இன்னும் வைக்கல. வேல கெடைக்கணும்னு வேண்டுதல். கெடச்சிட்டு."

ஜெயக்கொடி சித்தி என்னைப் பார்த்தாள். நான் உறையின் ஓரத்தைப் பார்த்தேன்.

அப்போது தெருமுனையில் மேளம் கேட்டது. செட் வந்துவிட்டது. முன்னால் காளி, பின்னால் இரண்டு குறத்திகள், ஒரு கரடி. மேடம் சட்டையோடு வாசலுக்கு ஓடிப் படம் எடுத்தார். கடைசியாக, யூரியாச் சாக்கும் கரி பூசிய முகமும் தட்டுமாக ஒரு சாமி எங்கள் வாசலில் வந்து நின்றது.

"தாயே, தர்மம்."

முறைப்படி சொந்த வீட்டிலும் கேட்டாக வேண்டும். அம்மா உள்ளே போய் அரிசி எடுத்துவந்து போட்டாள். மேடம் ஒரு நோட்டைப் போட்டுவிட்டு, பேச்சுக் கொடுத்தார். "சாமி, நீங்களும் பிச்சைக்கார வேஷமா? இங்க பாருங்க. இது இந்தப் பொண்ணோட அப்பாவோட சட்டை. அவரும் உங்கள மாதிரிதான். இப்போ இல்ல."

அம்மா, "என்னது?" என்றாள். மேளச் சத்தத்தில் மேடத்துக்குக் கேட்கவில்லை.

சாமி சட்டையைப் பார்த்தது. அப்புறம் என்னைப் பார்த்தது. கரிக்குள் கண் மட்டும் தெரிந்தது.

"நல்ல மனுசனா தாயே அவரு?"

கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் கேட்பதுபோல் இருந்தது.

உறவு சொல்லிக் கூப்பிடக் கூடாது என்ற முறை இருக்கிறது. பேசாமல் இருக்கலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். தெருவுக்கு அப்பால் பார்த்து வாசிக்கப் பெயர்ப்பலகை தேடினேன். எங்கள் தெருவில் கடை கிடையாது.

மேடத்தின் கையிலிருந்து சட்டையை எடுத்தேன். பிடுங்கினேன் என்று சித்தி சொல்கிறாள், அப்படி இருக்காது. தட்டில் வைத்தேன். வேஷக்காரர் தட்டில் விழுந்ததைத் திரும்ப எடுப்பது எங்கள் ஊரில் யாரும் செய்யாத காரியம்.

"சுயம்பு, என்ன பண்ற? அது உங்க அப்பாவோடது."

"இவங்களோடதுதான் மேடம்."

மேளம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது. மேடம் தட்டைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், அம்மாவின் கழுத்தில் கிடந்த தாலியைப் பார்த்தார். அவர் புத்திசாலி.

"அப்போ, அந்தப் பனைமரம்?"

"மரம் நிஜம் மேடம். விழுந்தது மட்டும்தான் இல்ல."

சாமி தட்டைத் தரையில் வைத்தது. அந்த இடத்திலேயே சாக்கைத் தலைவழியாகக் கழற்றி, சட்டையை மாட்டி, பொத்தான் போட்டுக்கொண்டு செட்டின் பின்னால் நடந்தது. சாக்கு எங்கள் வாசலில் கிடந்தது.

மேடம் போர்வைகளை ஏற்றினார், பன்னிரண்டாவதைத் தவிர. என் கையிலிருந்த உறையைக் கேட்டார். கொடுத்தேன். "நான் வருத்தப்பட்டு அழுதேன் தெரியுமா?" என்று மட்டும் சொன்னார். அது உண்மை.  ஸாரி மேடம் என்றேன். இந்த முறை ‘சரி மேடம்’ என்று வரவில்லை.

கார் போனதும் அம்மா என் முன்னால் உட்கார்ந்தாள். "நான் எப்பட்டி தாலியறுத்தேன்? எனக்கே ஒரு வார்த்த சொல்லாம?"

"ஆபீஸ் வேலன்னு அறுத்துருப்பா. பதவி அப்படி" என்றாள் சித்தி.

அம்மா சிரிக்கவில்லை. இரவுச் சோறு எனக்கு வைக்கப்பட்டிருந்தது. என்னைப் பெயர் சொல்லி மட்டும் யாரும் கூப்பிடவில்லை. எனக்கும் காப்புக் கட்டிவிட்டார்கள் போல.

புரட்டாசி 27, ஞாயிறு

காப்பு அறுத்தாயிற்று. அப்பா வீட்டுக்கு வந்தார். குளித்தார். மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். என்னிடம், "கரண்டு பில்லு கட்டியாச்சா?" என்று கேட்டார். கட்டியாச்சு என்றேன். எங்கள் உரையாடல் இவ்வாறு விரிவாக நடந்தது.

புரட்டாசி 28, திங்கள்

நிறுவனத்தின் கடிதம். என் எழுத்தில் ‘உண்மைத்தன்மை குறைவு’ என்பதால் பணி நீட்டிக்கப்படவில்லை. பதினொரு போர்வைகளும் ‘இலையுதிர் காலம்’ என்ற பெயரில் கண்காட்சிக்குப் போகின்றன.

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். வாங்கி மடித்துக் கடிகாரத்துக்குக் கீழே வைத்தார்.

"வேல கெடைக்கணும்னுதான் வேண்டுனேன். நெலைக்கணும்னு வேண்ட மறந்துட்டேன். அது என் தப்பு."

"இல்லப்பா."

"அடுத்த வருசம் சரியாக் கேட்டுருவோம்."

ஐப்பசி 1, வியாழன்

காலையிலிருந்து நல்ல மழை. பன்னிரண்டாவது போர்வையைப் போர்த்திக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். தொகுப்பிலேயே இதுதான் உண்மையில் ஒருவரைப் போர்த்திய முதல் போர்வையாக இருக்கும். அம்மா ஒட்டுச்சட்டையை மடியில் வைத்துக்கொண்டு இந்த வருடத் துண்டுக்குக் கையை நீட்டினாள். வேலை போனாலும் வேண்டுதல் பலித்தது பலித்ததுதானாம்.

நேர்காணலுக்குப் போட்டுப் போன சுடிதாரை எடுத்து வந்தேன். என்னிடம் இருந்த ஒரே நல்ல உடை. கையோரத்தில் வெட்டப் போனாள் அம்மா. முன்பக்கத்தில் வெட்டச் சொன்னேன். அங்கேயே வெட்டினாள்.

அப்பா தன் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஓர் அட்டையை எடுத்தார். அச்சகத்தில் குறைந்த பன்னிரண்டாவது. மடிப்புகளில் எழுத்து தேய்ந்திருந்தது. பல தடவை பிரித்து மடித்திருக்க வேண்டும். விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, அறுபது சொல்லையும் உரக்க வாசித்தார். நான் எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றேன். முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"எல்லாம் சரி. பனையிலேருந்து விழுந்தேன்னு எழுதிருக்கியே."

"அப்பா, அது..."

"இருவத்தாறு வருசம் ஏறிருக்கேன். ஒரு நாளு வழுக்குனது உண்டா, உங்கம்மாவக் கேளு. பாம்பு கடிச்சுன்னு எழுதலாம். லாரி அடிச்சுன்னு எழுதலாம். ஊர்ல நாலு பேரு வாசிச்சா என்ன நெனைப்பான்? சிவனணைந்தபெருமாள் பனையிலேருந்து விழுந்தான்னு சொல்லமாட்டானா?"

அம்மா ஊசியை வைத்துவிட்டுச் சிரித்தாள். பன்னிரண்டு நாளாகக் குடிலில் அவர் மனத்தில் கிடந்து அறுத்தது இதுதானாம். அப்படித்தான் சொன்னார். நம்பச் சொன்னார். நான் நம்பினேன் என்று எழுதிவைக்கிறேன்.

"திருத்திருதேன்ப்பா" என்றேன்.

அட்டையை என்னிடம் நீட்டினார். எழுத்து சரியாகத் தெரியவில்லை. கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. இலையுதிர் காலம் அல்லவா.